பீவர் போர்கள்: தோலுக்காகவா, ஆளுக்காகவா?

செவந்திமலையான் (இழையைத் தொடங்கியவர்)

17-ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவின் இரோக்குவா (இன்றைய நியூயார்க் பக்கத்து மோஹாக்கு, ஒனைடா, ஓனொன்டாகா, கயூகா, செனெக்கா என்ற ஐந்து பழங்குடி நாடுகளின் கூட்டணி) பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: தங்கள் மண்ணில் பீவர் தீர்ந்தது, டச்சுக்காரரிடம் துப்பாக்கி கிடைத்தது, அண்டை இனங்களை அழித்துத் தோல் வணிகத்தைப் பிடித்தார்கள். கதை முடிந்தது.

எனக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது. தோல்தான் வேண்டும் என்றால் தோல்மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? பெண்களையும் பிள்ளைகளையும் இருநூறு மைலுக்கு மேல் நடத்தி ஊருக்குக் கொண்டுவந்தது எதற்கு? அடுத்தது, எல்லாரையும் வென்றவர்கள் 1667-லும் 1701-லும் பிரெஞ்சுக்காரரோடு சமாதானத்துக்கு உட்கார்ந்தது ஏன்? கடைசியாக, தூதர் கூட்டங்களில் கைமாறிய வாம்பம் என்ற சங்குமணிப் பட்டை பணமா, பத்திரமா?

பதில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பீவரை 'நீர்நாய்' என்று எழுதாதீர்கள். நீர்நாய் மீன் தின்னும் பிராணி. பீவர் மரப்பட்டை கொறிக்கும் எலிச்சாதி. நமக்குச் சொந்தப் பெயர் இல்லை, பீவர் என்றே இருக்கட்டும்.

சந்தைக்கடை

வணிகக் காரணத்தை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. முதலில் சரக்கைப் பாருங்கள். ஐரோப்பியத் தொப்பிக்காரனுக்கு வேண்டியது தோல் அல்ல, தோலின் அடிமயிர். அந்த மென்மயிரில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. நனைத்து, சூடுகாட்டி, அழுத்தினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கெட்டியான கம்பளமாகும். மேலே இருக்கும் நீண்ட முரட்டுமயிர்தான் தொல்லை. அதை நீக்கும் மலிவான வழி பழங்குடியினர் உடுத்துக் கழித்த போர்வையை வாங்குவது. ஐந்து முதல் எட்டுத் தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி ஓராண்டுக்கு மேல் போர்த்துவார்கள். உடம்பு எண்ணெயும் வியர்வையும் ஏறி முரட்டுமயிர் தானாக உதிர்ந்துவிடும். பழைய உடைக்குப் புதியதைவிட அதிக விலை கிடைத்த விநோதச் சந்தை அது.

அடுத்தது விலங்கின் குணம். பீவர் இடம்பெயர்ந்து ஓடாது. அணை கட்டி, கூடு கட்டி, அங்கேயே இருக்கும். இரும்பு உளியால் பனிக்கட்டியை உடைத்தால் ஒரு குடும்பத்தையே ஒரே நாளில் காலி செய்யலாம். ஆகவே கிழக்கே சீக்கிரம் தீர்ந்தது என்பது பொய்யல்ல.

போரிலும் வணிகத்தின் கை தெரிகிறது. டச்சுக்காரர் 1624-ல் ஹட்சன் ஆற்றங்கரையில் ஆரஞ்சு கோட்டையைக் கட்டினார்கள் (இன்றைய ஆல்பனி). அந்த மண் மஹிக்கன் இனத்தாருடையது. மோஹாக்குகள் கோட்டைக்கு வர அவர்கள் தயவு வேண்டும். 1628-க்குள் மோஹாக்குகள் மஹிக்கன்களை ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து விரட்டிவிட்டார்கள். இடையில் 1626-ல் கோட்டைத் தளபதி வான் கிரீக்கன்பேக் மஹிக்கன்களுக்குத் துணையாகப் போய்ச் செத்தார். அதன் பிறகு டச்சுக்காரர் அடுத்தவர் சண்டையில் தலையிடவில்லை. வழியைப் பிடிப்பதற்கான போர் இது. இறந்தவருக்கு ஈடாக ஆள் பிடிக்க நடத்தியதல்ல.

கோடாலிக்காம்பு

துப்பாக்கி விஷயத்தில் காலக்கணக்கைச் சரிபார்த்துக்கொள்வோம். 'துப்பாக்கி வந்தது, போர் வந்தது' என்பது தலைகீழ். 1609 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் ஷாம்ப்ளேன் தன் பெயர் பெற்ற ஏரிக்கரையில் மோஹாக்குகள் மேல் சுட்டபோது, அவரோடு வந்த பிரெஞ்சு நட்பு இனங்களின் அறுபது அல்கோன்கின், ஹூரான், மோன்டன்யே வீரர்கள் ஏற்கெனவே பழைய பகையில்தான் வந்திருந்தார்கள். எதிரே சுமார் 200 பேர், மரப்பட்டிகளும் நூலும் கோத்த கவசம் அணிந்து, கூட்டமாக அணிவகுத்து, தலைவர்கள் முன்னே நிற்க வந்தார்கள். ஷாம்ப்ளேன் ஒரே குழலில் நான்கு குண்டு போட்டுச் சுட்டார். தலைவர்கள் சாய்ந்தார்கள், படை கலைந்தது.

இதில் கற்றுக்கொண்டது யார் என்று பாருங்கள். கவசம் குண்டைத் தாங்காது, ஓடவும் விடாது, அது போயிற்று. திறந்தவெளி அணிவகுப்பும் போயிற்று. சிறு குழு, பதுங்கல், முதல் வேட்டு, உடனே கோடாலியோடு பாய்ச்சல் என்று ஆயிற்று. திரிச்சுடர்த் துப்பாக்கியை அவர்கள் விரும்பவே இல்லை. திரி புகையும், நாறும், இரவில் மினுக்கும், பதுங்கியிருப்பவனைக் காட்டிக்கொடுக்கும். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிதான் கேட்டு வாங்கினார்கள்.

அது 1640-ஐ ஒட்டித்தான் எண்ணிக்கையில் வந்தது. டச்சு நிறுவனம் தடை போட்டும், தனி வியாபாரிகள் ஒரு துப்பாக்கிக்கு இருபது பீவர் தோல் வரை வாங்கிக்கொண்டு விற்றார்கள். 1643 வாக்கில் மோஹாக்குகளிடம் சுமார் 300 துப்பாக்கி. பிரெஞ்சுக்காரர் ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியதால் ஹூரான்கள் கையில் மிகக் குறைவு.

ஆனால் துப்பாக்கி ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் வரும் சாமான் அல்ல. வில்சுருள் உடையும், கல் தேயும், மருந்து நமத்துப்போகும். இரோக்குவா மண்ணில் ஈயமும் மருந்தும் செய்ய வழியில்லை. அதனால் ஆல்பனியில் நடந்த கூட்டங்களில் 'மருந்து விலையைக் குறை, ஊருக்கு ஒரு கொல்லனை அனுப்பு' என்ற கோரிக்கை ஓயாமல் வரும். வணிகம் போரைத் தூண்டியது என்பதைவிட, போர் வணிகத்தைக் கட்டாயமாக்கியது என்பேன்.

அத்தைமகன்

செவந்திமலையானின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஆளைக் கொண்டுவந்தது ஏன்?

இரோக்குவா சமூகம் தாய்வழி. நீண்ட வீட்டில் ஒரு தாய்வழிக் கொடியைச் சேர்ந்த பல குடும்பங்கள், வரிசையாக அடுப்புகள். ஒருவர் இறந்தால் அந்தப் பெயர் காலியாகிறது. பெயர் என்பது இங்கே கூப்பிடும் சொல் அல்ல, ஒரு பொறுப்பு. காலியான பெயரை இன்னொருவருக்குச் சூட்டியாக வேண்டும். இறப்பு இயல்பாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஆள் கிடைக்கும். போரிலோ கொள்ளைநோயிலோ வரிசையாகப் போனால் கிடைக்காது. அப்போது வீட்டின் மூத்த பெண்கள் இளைஞர்களிடம் ஆள் கேட்பார்கள். குறிப்பாக, சாவு விழுந்த வீட்டுக்கு மருமகன் முறையில் வாழ்க்கைப்பட்டவர்கள் அல்லது அந்த வீட்டு ஆண்களுக்குப் பிறந்தவர்கள் போக வேண்டும் என்பது வழக்கம். அறிஞர்கள் இதைத் துக்கப்போர் என்கிறார்கள்.

பிடித்துவந்தவர்களை எந்த வீட்டுக்குத் தருவது என்று ஊர் முடிவு செய்யும். ஏற்பதா, கொல்வதா என்று வீட்டுப் பெண்கள் முடிவு செய்வார்கள். வளர்ந்த ஆண்கள் சித்திரவதைக்குப் போனதும் உண்டு. அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. ஏற்றுக்கொண்டால் இறந்தவரின் பெயர், உறவு, கடமை எல்லாம் வந்தவருக்கு. அவர் இனி ஹூரான் அல்ல.

இந்த உறவுமுறையில் நமக்கு நேரடியாக ஒரு தொடர்பு உண்டு. செனெக்கா மக்களின் உறவுச்சொற்களைச் சேகரித்த லூயி ஹென்றி மோர்கன், தமிழ் உறவுச்சொற்களைப் பார்த்ததும் திகைத்தார். பெரியம்மா சின்னம்மா எல்லாரும் அம்மா, பெரியப்பா சித்தப்பா எல்லாரும் அப்பா, அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி அக்கா தங்கை. தாய்மாமனும் அத்தையும் மட்டும் தனிச்சொல். 1871-ல் அவர் வெளியிட்ட பெருநூலில் இந்த ஒப்புமை மையமான இடம் பெறுகிறது. வேறுபாடும் உண்டு: அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டும் வழக்கம் அங்கே இல்லை. (என் பெயருக்கு அங்கே மதிப்பில்லை.)

ஏகாம்பரக்கணக்கு

அத்தைமகன் சொன்னதற்கு எண் சேர்க்கிறேன்.

மோஹாக்குகளை 1634-ஐ ஒட்டி பெரியம்மை தாக்கியது. ஹூரான்கள் 1634 முதல் 1640 வரை வந்த நோய்களில் பாதிக்கு மேல் இழந்து, சுமார் பத்தாயிரமாகக் குறைந்தார்கள். இரு பக்கமும் காலிப் பெயர்கள் குவிந்திருந்த நேரத்தில்தான் 1640களின் பெரும்போர் வருகிறது. நோய், துப்பாக்கி, பீவர் மூன்றும் ஒரே பத்தாண்டில் வந்து விழுந்தன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிறவர்கள் கணக்கில் கோட்டை விடுகிறார்கள்.

1660-ல் ஜெசூட் பாதிரிகள் போட்ட மதிப்பீடு: ஐந்து நாடுகளுக்கும் சேர்த்து 2,200 போர்வீரர். அதில் பிறப்பால் இரோக்குவா 1,200-ஐத் தாண்டாது என்றார்கள். பாக்கியெல்லாம் ஹூரான், நியூட்ரல், ஈரி, அல்கோன்கின் என்று பிற இனங்களிலிருந்து வந்தவர்கள். எண் துல்லியம் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் பல பாதிரிகளின் குறிப்பு ஒரே திசையில் போகிறது. 1651-ல் சரணடைந்த ஹூரான்களில் ஒரு பகுதியினர் செனெக்கா மண்ணில் கண்டூகரே என்ற தனி ஊராகவே குடியேறினார்கள். வீட்டில் ஒருவராகக் கரைப்பதோடு, ஊரோடு சேர்ப்பதும் நடந்தது என்பதற்கு அது சான்று.

சந்தைக்கடை

ஏகாம்பரத்தின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஒட்டாவா ஆற்றில் ஆண்டுதோறும் தோல் ஏற்றிவந்த ஹூரான் ஓடங்களை இரோக்குவா மறித்ததை யார் விளக்குவது? இறந்தவரை ஈடுகட்ட மட்டும் என்றால் ஓடத்தில் வரும் ஆளைப் பிடித்தால் போதும். அவர்கள் தோலையும் எடுத்து ஆரஞ்சு கோட்டையில் விற்றார்கள். இரண்டு அறுவடை, ஒரே வயல்.

செவந்திமலையான்

ஒரே வயல் என்றால் சரி. இனி மணிப்பட்டைக்கு வாருங்கள். போரில் இவ்வளவு கடுமையானவர்கள் ஒரு மணிச்சரத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தது எப்படி?

மணிச்சரம்

என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.

வெள்ளை மணி ஒருவகைக் கடற்சங்கின் நடுத்தண்டிலிருந்து. ஊதா மணி குவாஹாக் என்ற மட்டியின் ஓட்டில் ஊதாவான சிறு பகுதியிலிருந்து. ஆறு மில்லிமீட்டர் நீளம், நடுவே துளை. லாங் தீவுக் கடலோரத்தார் செய்வது. ஊதா கெட்டி, கிடைப்பதும் கொஞ்சம், அதனால் வெள்ளையைப்போல் இருமடங்கு மதிப்பு. இரும்பு ஊசி வந்த பிறகு துளையிடுவது எளிதாகி எண்ணிக்கை பெருகியது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சில்லறைக் காசாகவே புழங்கினார்கள். கடற்கரையில் மணி வாங்கு, உள்நாட்டில் தோலாக மாற்று, தோலைக் கப்பலேற்று. ஆக, வெள்ளைக்காரனுக்குப் பணம்.

இரோக்குவாவுக்கு அது சொல்லைத் தாங்கும் பொருள். சிறு விஷயத்துக்குச் சரம், பெரிய விஷயத்துக்குப் பட்டை. மணி இல்லாமல் சொன்ன சொல் காற்றோடு போகும். தூதர் கூட்டம் நடந்த முறையைப் பாருங்கள்.

வந்தவர்கள் நேராக ஊருக்குள் நுழையக் கூடாது. காட்டோரத்தில் தீமூட்டி நிற்க வேண்டும். ஊரார் வந்து, வழியில் பட்ட துயரத்துக்கு மூன்று சரம் கொடுப்பார்கள்: கண்ணீரைத் துடைக்க ஒன்று, காதடைப்பை நீக்க ஒன்று, தொண்டையில் அடைத்ததை எடுக்க ஒன்று. துக்கத்தில் இருப்பவனுக்குப் பார்வையும் கேள்வியும் பேச்சும் சரியாக இராது, அந்த நிலையில் பேரம் பேசக் கூடாது என்பது இதன் தர்க்கம். பிறகு கூட்டம். ஒரு கோரிக்கை, ஒரு பட்டை. அடுத்த கோரிக்கை, அடுத்த பட்டை. அன்றே பதில் சொல்வது அவமரியாதை. யோசிக்கவில்லை என்று பொருள். மறுநாள் அல்லது அதற்கும் பிறகு, எதிர்த்தரப்புப் பேச்சாளர் ஒவ்வொரு கோரிக்கையையும் வரிசை மாறாமல் திரும்பச் சொல்லி, பதிலுக்குப் பட்டை தருவார். பட்டையை வாங்காமல் தள்ளிவிட்டால் மறுப்பு. காலால் எத்தினால் என்ன பொருள் என்று சொல்ல வேண்டாம்.

எடுத்துக்காட்டு 1645 ஜூலை, த்ருவா-ரிவியே என்ற பிரெஞ்சு ஊர். மோஹாக்குத் தூதர் கியோட்சேட்டன் உடம்பெல்லாம் மணிப்பட்டை சுற்றிப் படகின் முனையில் நின்று வந்தார். கூட்டத்தில் இரு கழிகளுக்கு நடுவே கயிறு கட்டச் சொல்லி, பதினேழு பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பேசி, நடித்து, தொங்கவிட்டார். ஆற்றுப் பாறைகளை அகற்றுவதைக் கையால் காட்டினார்; முகில் கலைவதைக் காட்டினார். எழுத்தர்கள் பாதியைத்தான் பிடித்தார்கள் போலும், ஆனால் பதினேழு என்று எண்ணிவிட்டார்கள்.

சந்தைக்கடை

பதினேழு பட்டை கட்டிய சமாதானம் பதினைந்து மாதம்தான் தாங்கியது. அதையும் சொல்லுங்கள். வந்தது மோஹாக்கு மட்டும், மற்ற நான்கு நாடுகள் சேரவில்லை. கிறிஸ்தவராகாத அல்கோன்கின்களைப் பாதுகாக்கமாட்டோம் என்று பிரெஞ்சுக்காரர் தனியாக ஒரு பேச்சு வைத்தார்கள். ஹூரான் தோல் வழக்கம்போல் பிரெஞ்சுக்கே போனது. மோஹாக்குக்கு எதிர்பார்த்த பங்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து நோயும் பயிர்ப்புழுவும். ஜோக் என்ற பிரெஞ்சு ஜெசூட் பாதிரி மோஹாக்கு ஊரில் விட்டுப்போன பெட்டிதான் காரணம் என்று ஊர் பேசியது. 1646 அக்டோபரில் அவர் திரும்பி வந்தபோது கொன்றார்கள்.

கோடாலிக்காம்பு

அதன் பிறகு ஹூரான்கள் மேல் நடந்த 1649 படையெடுப்பு ராணுவக் கணக்கில் தனி ரகம். 1648 இலையுதிர்காலத்தில் சுமார் ஆயிரம் செனெக்கா, மோஹாக்கு வீரர் கிளம்பி, குளிர்காலம் முழுக்க ஒன்டாரியோ ஏரிக்கு வடக்கே வேட்டையாடியே கழித்தார்கள். மார்ச்சில் பனி உருகுமுன், யாரும் எதிர்பாராத பருவத்தில், 16-ஆம் தேதி விடியலுக்கு முன் செயின்ட் இக்னேஸ் ஊரின் வேலியில் பலவீனமான இடத்தை உடைத்து நுழைந்தார்கள். ஊரில் 400 பேர். தப்பியது மூன்றே பேர். அன்றே செயின்ட் லூயி. அங்கே எண்பது பேர் எதிர்த்து நின்றதில் இரோக்குவாவுக்கும் நல்ல அடி. மூன்று நாளில் தங்கள் தரப்பில் நூறு பேர் போனதும் திரும்பிவிட்டார்கள். ஆள் சேர்க்க வந்தவனுக்கு நூறு இழப்பு தோல்விக்குச் சமம்.

ஹூரான் நாட்டை முடித்தது வாள் அல்ல, பயமும் பட்டினியும். பதினைந்து ஊர்களை அவர்களே விட்டு ஓடினார்கள். விதைக்காத நிலம், ஒரு தீவில் ஆயிரக்கணக்கானோர், அந்தக் குளிர்காலத்தில் கொத்துக்கொத்தாகச் சாவு. 1650-ல் கியூபெக் போய்ச் சேர்ந்தது முந்நூறு பேர்.

ஆனால் இதே பட்டினி உத்தி 1666-ல் இரோக்குவா மேலேயே திரும்பியது. ஜனவரியில் பிரெஞ்சு ஆளுநர் கூர்செல் 500 பேரோடு கிளம்பி அசிங்கப்பட்டார்: பனிச்செருப்பில் நடக்கத் தெரியாத சிப்பாய்கள், நேரத்துக்கு வராத அல்கோன்கின் வழிகாட்டிகள். வழி தவறி ஸ்கெனெக்டடி பக்கம் போய் டச்சுக்காரரிடம் சோறு வாங்கித் தின்று திரும்பினார்கள். குளிரிலும் பசியிலும் பலர் செத்தார்கள். இலையுதிர்காலத்தில் பிரெஞ்சுப் படைத்தலைவர் த்ராசி 1,200-க்கு மேற்பட்டவரோடு வந்தார். சண்டையே இல்லை, மோஹாக்கு ஊர்கள் காலி. சோளக் குதிர்களோடு எல்லா ஊரையும் கொளுத்தினார். அறுவடை முடிந்த நேரத்தில் எரித்ததுதான் சூட்சுமம்; முன்னமே வந்திருந்தால் பாதிச் சோளம் வயலில் பச்சையாக நின்றிருக்கும். மோஹாக்குகள் 1667-ல் பேச வந்தார்கள். தெற்கே சஸ்குவேஹானக், கிழக்கே மஹிக்கன் என்று வேறு இரண்டு போரும் கழுத்தில் இருந்தன. செவந்திமலையானின் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இது.

இரட்டைத்தடம்

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1613-ல் டச்சுக்காரரோடு செய்த இருவரிசை மணிப்பட்டை ஒப்பந்தம்தானே? ஒரு வரிசை ஓடம், ஒரு வரிசை கப்பல், ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடாமல். அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

மணிச்சரம்

இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். பட்டையும் அதன் பொருளும் ஹோடனோஷோனி (இரோக்குவா தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) மரபில் உயிரோடு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 1613 என்று தேதியிட்டு டச்சு மொழியில் சுற்றிவரும் தாள் 20-ஆம் நூற்றாண்டுப் போலி என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிவு, மொழிநடையே காட்டிக்கொடுக்கிறது. உறுதியாக ஆவணம் உள்ளது 1640களில் மோஹாக்கு-டச்சு உடன்பாடு, பிறகு 1664-ல் ஆங்கிலேயர் டச்சுக்காரரின் இடத்தைப் பிடித்ததும் செய்தது, 1677-ல் ஆண்ட்ரோஸ் நியூயார்க் ஆளுநராக இருந்தபோது விரிந்த உடன்படிக்கைச் சங்கிலி. சங்கிலி என்பது உவமை: வந்தவர்களின் கப்பலை மரத்தில் கட்டியது முதலில் கயிறு, அது இற்றுப்போகும். பிறகு இரும்பு, அது துருப்பிடிக்கும். பிறகு வெள்ளி, அதைத் துடைத்துக்கொண்டே இருந்தால் போதும் என்று அவர்களே விளக்குவார்கள். துடைப்பது என்றால் கூட்டம் கூட்டி, துக்கம் கேட்டு, துணியும் மருந்தும் கொடுப்பது. ஒருமுறை கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்த ஆளுநர்கள் இங்கேதான் தடுக்கி விழுந்தார்கள்.

அத்தைமகன்

உறவுச்சொல்லையும் கவனியுங்கள். பிரெஞ்சு ஆளுநர் யாராக இருந்தாலும் 'ஒனொன்டியோ'. மோன்மாக்னி என்ற பெயரைப் பெருமலை என்று மொழிபெயர்த்து, அதையே பதவிப்பெயராக்கிவிட்டார்கள். நியூயார்க் ஆளுநர் 'கோர்லார்', வான் கர்லர் என்ற டச்சுக்காரரின் பெயர். ஒனொன்டியோவை 'அப்பா' என்றார்கள். கோர்லாரை 'சகோதரா' என்றார்கள். அப்பா என்றதும் பிரெஞ்சுக்காரருக்குக் குளிர்ந்துபோனது: கீழ்ப்படிகிறார்கள்! தாய்வழிக் குடும்பத்தில் அதட்டும் உரிமை தாய்மாமனுக்கு. அப்பா கேட்டதைக் கொடுப்பவர், செல்லம் காட்டுபவர். அவர்கள் ஒனொன்டியோவை ஒருபோதும் 'மாமா' என்று கூப்பிடவில்லை.

கோடாலிக்காம்பு

அந்த அப்பாவின் லட்சணம்: 1684-ல் பிரெஞ்சு ஆளுநர் லா பார் படையோடு வந்து, காய்ச்சலில் சிப்பாய்கள் படுத்துவிட, ஓனொன்டாகாப் பேச்சாளர் ஓட்ரெவூட்டியிடம் நேருக்கு நேர் வாங்கிக்கட்டிக்கொண்டார். நாங்கள் ஒனொன்டியோவுக்கும் அடிமையில்லை, கோர்லாருக்கும் அடிமையில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். 1687-ல் அடுத்த ஆளுநர் டெனோன்வில் வேறு வழி பார்த்தார். சமாதானக் கூட்டம் என்று கூப்பிட்ட ஆட்களைப் பிடித்து, சிலரைப் பிரான்ஸ் அரசனின் துடுப்புக் கப்பலுக்கு அனுப்பினார். செனெக்கா ஊர்களை எரித்தார். நான்கு லட்சம் மினோ (பழைய பிரெஞ்சு முகத்தலளவை) சோளம் அழித்தேன் என்று அவர் எழுதியது நம்பும்படி இல்லை. பதில் 1689 ஆகஸ்டில் வந்தது: மழை இரவில் சுமார் 1,500 இரோக்குவா வீரர் மாண்ட்ரியால் அருகே லஷீன் என்ற பிரெஞ்சுக் குடியிருப்பின் மேல் இறங்கி, 77 வீடுகளில் 56-ஐக் கொளுத்தினார்கள்.

ஏகாம்பரக்கணக்கு

அதற்குப் பிறகு ஆங்கிலேயர் வாயால் சங்கிலி பிடித்தார்கள், கையால் எதுவும் செய்யவில்லை. 1693-ல் மோஹாக்கு ஊர்கள், 1696-ல் ஓனொன்டாகாவும் ஒனைடாவும் எரிந்தன. நியூயார்க் எடுத்த கணக்குப்படி 1689-ல் 2,550 ஆக இருந்த வீரர்கள் 1698-ல் 1,230. மேற்கே ஓஜிப்வே முதலானோர் அவர்களைப் பழைய ஹூரான் மண்ணிலிருந்து துரத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு மீதிப் பதில் இது.

மணிச்சரம்

1701-ஐ நான் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் அவர்கள் கைத்திறன் தெரிகிறது. ஒரே கோடையில் இரண்டு இடத்தில் பேசினார்கள். ஜூலை 19-ல் ஆல்பனியில், 800 மைல் நீளமும் 400 மைல் அகலமும் கொண்ட பீவர் வேட்டைநிலத்தை ஆங்கில அரசன் பாதுகாப்பில் எழுதிக்கொடுத்தார்கள். அந்த நிலத்தில் பெரும்பகுதி அப்போதே கையை விட்டுப் போய்விட்டது! போன நிலத்தை அரசன் பெயரில் எழுதினால், அதை மீட்கும் தலைவலி அரசனுடையது.

அதே நேரம் மாண்ட்ரியாலில் சுமார் 1,300 பேர், ஏறத்தாழ நாற்பது இனங்களின் தூதர்கள். முடிச்சு எங்கே விழுந்தது தெரியுமா? கைதிகளில். மேற்குப் பக்கத்துப் பழங்குடியினர் தாங்கள் பிடித்த இரோக்குவாக்களைக் கூட்டிவந்திருந்தார்கள். இரோக்குவா வெறுங்கையோடு வந்தது. இழைத் தலைப்புக்கே இது பொருந்தும்: எங்களிடம் இருப்பவர்கள் கைதிகள் அல்ல, எங்கள் பிள்ளைகள், திரும்ப விருப்பமில்லை என்பது அவர்கள் வாதம். ஹூரான் வழிவந்த கோண்டியாரொங்க் காய்ச்சலோடு நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசி, கூட்டம் கலையாமல் காத்தார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். இரோக்குவா தூதர்களே வந்து சடலத்தின் முன் துக்கம் கேட்டு, மணி கொடுத்தார்கள். 4-ஆம் தேதி விலங்குச் சின்னங்கள் வரைந்து கையெழுத்து. பிரான்சும் இங்கிலாந்தும் இனி சண்டையிட்டால் இரோக்குவா நடுநிலை.

செவந்திமலையான்

ஐந்து நாடுகளும் கையெழுத்திட்டனவா?

மணிச்சரம்

நான்கு. மோஹாக்குகள் விழா முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.